கவுன்சிலர் வீட்டு ஜன்னல்

“முடியாதுன்னா முடியாது அண்ணி. இந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது.”

சொன்னது வெளியாள் இல்லை. கவுன்சிலரம்மாவின் சொந்தத் தம்பி பெண்டாட்டி. நகராட்சியில் கட்டட இன்ஸ்பெக்டர். புத்தம்புது மாடி அறையில், டேப்பை இழுத்துப் பிடித்தபடி ஜன்னல் முன்னால் நின்றிருந்தாள்.

“பெயின்ட் வாசனைகூட இன்னும் போகலை. அந்த ஜன்னலுக்கு என்னம்மா குறைச்சல்?”

“கிரில்லைத் திறக்கவே முடியாதபடி வெல்டிங் பண்ணி வச்சிருக்காங்க. கீழே தீப்பிடிச்சா படிக்கட்டு முழுக்கப் புகை அடைச்சுக்கும். அப்புறம் இந்த ஜன்னல்தான் வழி. எப்படி வெளியே வருவீங்க?”

“திருடன் வரக்கூடாதுன்னு போட்ட கம்பி அது!”

“திருடனும் வர முடியாது, நாமும் போக முடியாது. அகலமும் பத்தலை.”

மாநிலம் முழுக்க ஒரு கட்டட விதி, இந்த ஊருக்கு மட்டும் அரதப் பழசான ஒரு விதி என்று இருந்ததை மாற்றி, மாநில விதியே இங்கேயும் செல்லும் என்று போன மாதம்தான் நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். இந்த வருஷம் கட்டிய வீடுகளுக்கும் புது விதி பொருந்தும். முதல் ஆளாகக் கை தூக்கியவரே கவுன்சிலரம்மாதான். முழுக்கப் படித்துவிட்டா தூக்கினார் என்று கேட்கக் கூடாது. மொத்தம் எண்பது பக்கம்.

“ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. அவங்களை எங்கே படுக்க வைக்கிறது?”

“கைக்குழந்தைன்னுதான் அண்ணி இவ்வளவு சொல்றேன்.”

“யாருக்குத் தெரியப் போகுது? ஒரு கையெழுத்து. போட்டா தேஞ்சா போயிடுவே?”

நோட்டீஸை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

கவுன்சிலரம்மா உடனே தம்பிக்குப் போன் போட்டார்.

“உன் பொண்டாட்டிக்கு என்னடா ஆச்சு? அந்த வேலைக்கு அவளை எழுதிப் போடச் சொன்னதே நான்தான். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு அக்கா. ஆனா அவ ஆபீஸ் விஷயத்துல நான் தலையிட மாட்டேன்.”

“நீ வீட்டு விஷயத்துலயே தலையிட மாட்டியே!” என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மாடி அறை பூட்டிக் கிடக்க, குழந்தையோடு ஹாலில் படுத்தாள். வந்து பார்த்த உறவுக்காரர்கள் எல்லாரும், “ஆபீஸ் சீட்டுல உட்கார்ந்ததும் அவளுக்குச் சொந்தபந்தம் கண்ணுக்குத் தெரியலை பாரு” என்றார்கள். கவுன்சிலரம்மாவும் தலையாட்டினார். பத்து நாள் தம்பி வீட்டுப் பக்கமே போகவில்லை.

பதினோராம் நாள் நகர்மன்றக் கூட்டம். புதிய விதியில் தேறாத வீடுகளின் பட்டியலை மன்றத்தில் வாசிக்க வேண்டும் என்பது முறை. கூட்டம் தொடங்கும் முன் தலைவர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உங்க வீடும் பட்டியல்ல ரெண்டாவதா இருக்குன்னு கேள்விப்பட்டேன். கவலையே படாதீங்க. முதல் பேரை மட்டும் வாசிச்சுட்டு, மீதியை வாசித்ததாகக் கருதலாம்னு முடிச்சுடறேன்.”

கவுன்சிலரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ரொம்ப நன்றிங்க. ஆனா அந்த இன்ஸ்பெக்டரோட திமிரைப் பத்தி இன்னைக்கு நான் பேசத்தான் போறேன்.”

“தாராளமாப் பேசுங்க.”

மன்றம் நிறைந்திருந்தது. அதிகாரிகளின் கடைசி வரிசையில், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள் தம்பி பெண்டாட்டி. கவுன்சிலரம்மா முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“முதல் நோட்டீஸ். வீட்டு உரிமையாளர்...”

நிறுத்தினார். காகிதத்தை இன்னொரு தடவை கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“உரிமையாளர்... நம்ம கட்டட இன்ஸ்பெக்டரும் அவங்க வீட்டுக்காரரும்.”

மன்றத்தில் சலசலப்பு. எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “தன் வீட்டைத் தானே அளந்துக்கிட்டாங்களா? நல்லா இருக்கே கதை!”

அவள் எழுந்து நின்றாள்.

“இல்லைங்க, அது முறையில்லை. பக்கத்து ஊர் இன்ஸ்பெக்டரை வரவழைச்சு அளக்கச் சொன்னேன். எங்க வீடும் இந்த வருஷம் கட்டினதுதான். என் பையன் படுக்கிற ரூம் ஜன்னல் தேறலை. நோட்டீஸ்ல கையெழுத்து மட்டும்தான் என்னோடது. சுவரை இடிச்சு ஜன்னலைப் பெரிசு பண்ணிட்டிருக்கோம். மூணு வாரமா எல்லாரும் ஹால்லதான் படுக்கிறோம்.”

மூன்று வாரம்! அப்படியானால் அன்றைக்குப் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டபோது தம்பியும் தரையில்தான் படுத்துக்கொண்டிருந்திருக்கிறான். ‘எங்க வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருக்கு அக்கா’ என்று ஒரு வார்த்தை சொன்னானா? அவளாவது சொன்னாளா?

கவுன்சிலரம்மாவுக்குக் காது மடல் சுட்டது.

பக்கத்து இருக்கைக்காரர் குனிந்து கிசுகிசுத்தார். “அந்தப் பொண்ணு உங்களுக்கு ஏதோ சொந்தம்னு சொன்னாங்களே?”

“ஏதோ சொந்தம் இல்லைங்க. என் தம்பி பெண்டாட்டி. எங்க வீட்டுப் பொண்ணு!”

கிசுகிசுப்பாகச் சொல்ல நினைத்ததுதான். நாலு வரிசைக்குக் கேட்டது.

தலைவர் கவுன்சிலரம்மாவைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டிவிட்டு ஃபைலை மூடினார்.

“மீதிப் பெயர்களை வாசித்ததாகக் கருதலாம். அடுத்த பொருள்...”

கவுன்சிலரம்மா எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“அது எப்படிங்க தலைவரே? ரெண்டாவது பேரையும் சத்தமா வாசிங்க. அது என் வீடு!”