ஆற்றைக் கைது செய்த கதை

"நாடே அழுதுக்கிட்டிருக்கு. உங்களுக்குக் கதை, கிண்டல் கேக்குதா?"

தணிக்கை அதிகாரி பத்திரிகையை மேஜைமேல் வீசினார். எதிரே நின்ற எழுத்தாளரின் கதை அதில் வந்திருந்தது.

புதுப் பாலம் இடிந்து ஒரு ரயிலே ஆற்றோடு போயிருந்தது. யார் தப்பு என்று கேட்டால் மேலிடம் வாயைத் திறக்கவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுத்தாளர் அந்தக் கதையை எழுதியிருந்தார். அதில் விசாரணைக் குழு, 'பாலத்துக்கு அடியில் அனுமதியின்றி ஓடிய' குற்றத்துக்காக ஆற்றைக் கைது செய்கிறது. வாளி வாளியாக மொண்டு வந்து கூண்டில் ஏற்றுகிறார்கள்.

"செத்தவங்களை நான் கேலி பண்ணலை சார். எல்லாரும் மறந்துடுவாங்களேன்னுதான்…"

"பத்திரிகை விக்குதா?"

"எங்க சார்! பாதிக்கு மேல அச்சகத்துலயே தூங்குது."

"அப்படியா? தடை!"

அதிகாரி முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. கல்நெஞ்சக்காரன் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுத்தாளர் படியிறங்கினார்.

மறுநாள் காலை அரசு வானொலி அலறியது.

"பொதுமக்கள் கவனத்துக்கு! ஒரு கதை தடை செய்யப்பட்டுள்ளது. அதை யாரும் படிக்கக் கூடாது. அந்தக் கதையாவது…"

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்கள். மத்தியானம் மறுபடியும் வாசித்தார்கள்.

முடிதிருத்தும் கடையில் பாதி மீசையோடு ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். பேருந்தில் நடத்துநர் கதையை நடித்தே காட்டினார். சாயங்காலம் தெரு நிறையக் கூட்டம். "ஆத்தை விடு! பாலம் கட்டினவனைப் பிடி!"

எழுத்தாளர் அதிகாரியிடம் ஓடினார்.

"சார், ஏதோ தப்பு நடந்துபோச்சு! முழுக் கதையையும்…"

"என்ன தப்பு? எதைப் படிக்கக் கூடாதுன்னு சொன்னாத்தானே ஜனங்களுக்குத் தெரியும்? எல்லாம் சட்டப்படிதான்."

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

"அந்த ரயில்ல என் தம்பி போயிட்டான் சார். அன்னிக்கிலேர்ந்து எங்கம்மா ஒரு வார்த்தை பேசலை. இன்னிக்கு ரேடியோ கேட்டுட்டுச் சிரிச்சாங்க. அப்புறம், 'பாலம் கட்டினவனை எப்படா பிடிப்பாங்க'ன்னு கேட்டாங்க."

எழுத்தாளர் கைகூப்பியபடியே நின்றார்.

"சும்மா நின்னா எப்படி?" என்று அதிகாரி அதட்டினார். "சட்டுபுட்டுனு அடுத்த கதையை எழுதிட்டு வாங்க. அதையும் தடை பண்ணணும்!"