முற்றிய இலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பதுளை ஆய்வுகூடத்தில் விதுஷா ஒருத்திதான் இருக்கிறாள். லுணுகலை பஸ்ஸில் அம்மா கொடுத்தனுப்பிய பையை அவிழ்த்து, ஆடாதோடை இலைகளை வெள்ளை மேசைமேல் கொட்டுகிறாள். கை அப்படியே நின்றுவிடுகிறது. அத்தனையும் இளந்தளிர். ரெண்டு இலை, ஒரு மொட்டு. ரெண்டு இலை, ஒரு மொட்டு. முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவின் கை, வேலியோரத்து ஆடாதோடையையும் தேயிலையாகவே கிள்ளியிருக்கிறது. காய்ச்சல் வைரஸைத் தடுக்கிற சத்தை விதுஷா தேடுவது முற்றிய இலையில். அம்மாவிடம் போனில் மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறல். உள்ளே குளிர்சாதனப் பெட்டியின் முனகல். ஒரு தளிரை எடுத்து மூக்கருகே வைக்கிறாள். பச்சை வாசத்துக்குள் வீட்டு அடுப்புப் புகையும் லேசாக இருக்கிறது. போன் அடிக்கிறது.

“என்னா விது, எலை வந்து சேந்துச்சா? பாத்துப் பாத்துப் பறிச்சேன். ஒரு முத்தல்கூட இருக்காது.”

“நல்லா இருக்கும்மா,” என்கிறாள். தளிரைக் கீழே வைக்க மனம் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் வேணும். இந்தத் தடவ நானே வந்து பறிச்சுக்கிறேன்.”

அந்தப் பக்கம், அம்மா தனியாக இருக்கும் தோட்டத்து லயத்துக் காம்பிராவின், அந்த ஒற்றை அறை வீட்டின், தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்கிறது. ரெண்டு மணி நேர பஸ் தூரம்தான். விதுஷா தீபாவளிக்குப் போனவள்தான்; சித்திரைப் புத்தாண்டும் கழிந்துவிட்டது.

“முத்தினதெல்லாம் செடியிலயேதான் இருக்கு,” என்கிறாள் அம்மா மெதுவாக. “நீ வர்ற வரைக்கும் கை வைக்க மாட்டேன்.”