ஜுவானாவா, ஹுவானாவா?

"ஜுவானா ஒர்பேலாவோட நாவல நான் முதல்ல படிச்சப்ப..." என்று தேவானந்தன் ஆரம்பித்ததுமே ஷாமளாவுக்குச் சுருக்கென்றது.

போன தடவையும் இதே கூத்துதான். சிகாமட் வாசகர் வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் அவள் அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அங்கிள், இங்கிலீஷ்ல 'ஜே' போட்டிருந்தாலும் ஸ்பானிஷ்ல அது 'ஹ'. அவங்க பேரு ஹுவானா. ஜுவானா இல்ல."

"சரிம்மா, சரிம்மா" என்பார். மைக்கைப் பிடித்தால் மறுபடியும் ஜுவானாதான்.

இன்றைக்கு விஷயம் வேறு. சிங்கப்பூரில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் விஜிதாவைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தாள். முன்வரிசையில் இருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே ஷாமளாவுக்குக் கூச்சமாக இருந்தது. பிடித்த எழுத்தாளரின் பெயரையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷர், எழுத்தைப் பற்றி என்னத்தைப் பேசிவிடப் போகிறார்?

ஆனால் பேசினார். நன்றாகவே பேசினார்.

"ஜுவானா கதையில செத்துப்போனவங்கள யாரும் வீட்ட விட்டு அனுப்பமாட்டாங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் சமைப்பாங்க. 'இன்னைக்கு உப்பு கொஞ்சம் கம்மி'ன்னு அவங்ககிட்டயே சொல்லுவாங்க. படிக்கிறப்ப பயமா இருக்காது, ஆறுதலா இருக்கும். அதனாலதான் எனக்கு ஜுவானாவ அவ்வளவு பிடிக்கும். ஜுவானா மாதிரி..."

இரண்டாவது வரிசையில் கெர்ட்ரூட் ஆன்ட்டி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நாவல் எதுவும் படிப்பவர் இல்லை. மற்ற கூட்டங்களுக்கு வருகிறவரும் இல்லை. தேவானந்தன் இந்த எழுத்தாளரைப் பற்றிப் பேசும் நாளில் மட்டும் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, டீயும் கறிபாப்பும் கூடத் தொடாமல் போய்விடுவார். படிக்காத ஆளுக்கு இலக்கியக் கூட்டம் எதற்கு என்று ஷாமளா உள்ளுக்குள் சிரித்ததுண்டு.

அடுத்த ஜுவானாவில் அவளுடைய பொறுமை போய்விட்டது. எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"மன்னிக்கணும் அங்கிள். தப்பாவே கேட்டா எல்லாருக்கும் அதுவே பழகிடும். எல்லாரும் என்கூட ஒரு தடவ சொல்லுங்க. ஹுவானா."

"ஹுவானா" என்றது கூட்டம். சிலர் சிரித்தார்கள்.

"இனிமே நம்ம வட்டத்துல இந்தப் பேரு இப்படித்தான். சரியா?"

கெர்ட்ரூட் ஆன்ட்டி குடையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

தேவானந்தன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "அவ்வளவுதான்" என்று பேச்சை முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் ஷாமளா.

இடைவேளையில் விஜிதாவுக்கு டீ கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். விஜிதாவும் தேவானந்தனும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானிஷில். அவர் தடங்கலே இல்லாமல் பொழிந்துகொண்டிருந்தார். நடுவில் 'ஹுவானா' என்று அச்சு அசலாக அவர் வாயிலிருந்து வந்தது.

"அங்கிள் கப்பல் என்ஜினியரா சிலி நாட்டுப் பக்கம் ரொம்ப வருஷம் இருந்திருக்காரு. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் விஜிதா.

ஷாமளாவுக்கு முகம் சிவந்தது.

"அப்ப தெரிஞ்சேதான் தப்பா சொன்னீங்களா அங்கிள்? சபையில என்னைக் கேலி பண்றதுக்கா?"

தேவானந்தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கெர்ட்ரூடோட வீட்டுக்காரர் செபஸ்தியன் என் கூட்டாளிம்மா. இந்தப் புஸ்தகமெல்லாம் எனக்குக் கொடுத்ததே அவன்தான். பைத்தியமா படிப்பான். பொண்ணு பொறந்ததும் இந்தப் பேரையே வெச்சான். அவனுக்கு ஸ்பானிஷ் தெரியாது லா. இங்கிலீஷ்ல பார்த்தபடி ஜுவானான்னு வெச்சான். சர்ச்ல ஃபாதரும் அப்படியே ஞானஸ்நானம் கொடுத்துட்டாரு."

"ஆன்ட்டிக்குப் பொண்ணு இருக்கா?"

"இருந்துச்சு. காலேஜ் போற வயசுல டெங்கிக் காய்ச்சல்ல போயிடுச்சு. அதுக்கப்புறம் வீட்டுல அந்தப் பேர யாரும் எடுக்கல. பார்க்க வர்ற சொந்தக்காரங்களும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டாங்க, பெத்த மனசு நோகுமேன்னு. இப்ப செபஸ்தியனும் இல்ல."

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சிகாமட்ல அந்தப் பேர சத்தமா சொல்ற எடம் இது ஒண்ணுதாம்மா. கெர்ட்ரூட் கதை கேக்க வரல. அதக் கேக்கத்தான் வந்தாங்க."

ஷாமளா டீயை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. படிகளில் ஓடினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெளியே குடை தாங்காத மழை. கீழ்த்தளத்துக் கடை வாசலில் ஒதுங்கி நின்றிருந்தார் கெர்ட்ரூட் ஆன்ட்டி.

"மழை விட்டதும் கெளம்பிடுவேன்மா" என்றார், அவளைப் பார்க்காமலே. "நீங்க சொல்ற அந்தப் பேரு எனக்கு யாருன்னு தெரியல."

ஷாமளா அவர் கையிலிருந்த பையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"மேல வாங்க ஆன்ட்டி. ஜுவானாவப் பத்தி இன்னும் நெறைய பேச வேண்டியிருக்கு."