அக்கா அனுப்பிய காசு

முருங்கன் வீதியோரம் காயப்போட்ட நெல்லில் மத்தியான வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த சுபத்திரா அப்படியே நிற்கிறாள். கையிலுள்ள போனில், லண்டனில் படிக்கும் மகள் தர்மிகாவின் முகம் குளிரில் உதடு வெடித்துத் தெரிகிறது. "அம்மா, மாமா வரிக்கு மறைச்ச கடைக் காசையெல்லாம் என்ர கணக்கில போட்டு எடுத்தவர். இப்ப வங்கி கணக்கை முடக்கிப்போட்டுது. என்ர படிப்புக் காசும் அதுக்குள்ளதான். ஆற்ற காசு, எங்கயிருந்து வந்தது எண்டு கேக்கினம். உண்மையைச் சொல்லட்டோ?" திரையில் ஒரு கை குறுக்கே வந்து மகளிடமிருந்து போனை வாங்குகிறது. சுபத்திராவின் தம்பி கபிலன். லண்டனில் தர்மிகா தங்கியிருப்பது அவன் வீட்டில்தான். "அக்கா, நீங்கள் நெல் வித்து அனுப்பின காசெண்டு சொல்லச் சொல்லுங்கோ. நான் மாட்டினால் கடையும் போச்சு, வீடும் போச்சு. பிறகு இவள் எங்க இருக்கிறது?" கடைசிக் கேள்வியை அவன் மெதுவாகத்தான் கேட்கிறான். மதவாச்சி பஸ் புழுதியை வாரி இறைத்துப் போகிறது. நெல்லில் இறங்கும் காகங்களை அவள் விரட்டவில்லை. மகள் மறுபடி திரைக்கு வருகிறாள். "பொய் பிடிபட்டால் என்னைத்தான் திருப்பி அனுப்புவினம், அம்மா." சுபத்திராவின் நாக்கில் புழுதி கரிக்கிறது. "மாமா சொன்ன மாதிரியே சொல்லு பிள்ளை." தர்மிகா அழவில்லை. "ஓம், அப்பிடியே சொல்லுறன். போனை வையுங்கோ," என்கிறாள், முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு.