அவள் சொன்ன பக்கம்
தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில் தே தாரிக் ஆறி ஆடை படிகிறது. இளமதி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நெடுந்தூரப் படகுப் போட்டியின் வரைபடத்தில் ரஞ்சனின் படகு மஞ்சள் புள்ளியாகத் தவிக்கிறது. அவளும் அவனும் சேர்ந்து கட்டிய படகு. "உனக்கு ஸ்டாமினா பத்தாது லா" என்று கடைசி நேரத்தில் அவளைக் கழற்றிவிட்டு, நண்பனை ஏற்றிக்கொண்டான். நீரோட்டம் பார்க்க அவனுக்கு என்றைக்குமே வராது. இப்போது தீவோரம் மாட்டிக்கொண்டு செய்தி அனுப்புகிறான்: "மதி, எந்தப் பக்கம் போறது? ப்ளீஸ்." கரையிலிருந்து யாரும் வழி சொல்லக் கூடாது, சொன்னால் படகு போட்டியிலிருந்து வெளியே. "பாவம்க்கா, சொல்லிடு" என்கிறாள் எதிரே இருக்கும் தங்கை ரோஷினி. "சொல்லத்தான் போறேன்." சரியான வழியையே அனுப்புகிறாள். புள்ளி அந்தப் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருக்கிறாள். திரும்புகிறது. உடனே அவன் கேட்டது, தான் சொன்னது என இரண்டு செய்திகளையும் போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்பிவிட்டு, ஆறிப்போன தே தாரிக்கை ஒரே மூச்சில் குடிக்கிறாள்.