கடலிலிருந்து வாங்கி வந்தது

கடற்கரையில் இவர்களைக் கண்டால் மனசு சங்கடப்படுகிறதென்று யாரோ மனுக் கொடுத்தார்களாம். மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் கடற்கரைக்குப் போகும் வேனை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூடத்திலேயே ஆளுக்கொரு மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடியை மாட்டிக் கடலைக் காட்டினார்கள்.

நாற்பது வயதுப் பூங்கோதை கடலுக்குப் போனால் காவலாளி மரியதாசுக்குச் சுட்ட சோளம் வாங்காமல் திரும்பமாட்டாள். அன்றும் கண்ணாடியைக் கழற்றியதும் கையை இறுக மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"தாசண்ணே, சூடு ஆறதுக்குள்ள தின்னு!"

விரித்த கையில் ஒன்றுமில்லை. மரியதாஸ் என்ன செய்வார், பாவம்? மெல்லுவதுபோல் வாயை அசைத்துக் காட்டினார்.

"பொய்யி! பல்லுல ஒண்ணுமே ஒட்டல" என்று அழுதாள்.

மறு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு, கண்ணாடி மாட்டப் போகுமுன் வாசலுக்கு வந்தாள். தின்னாமல் வைத்த வடையை முந்தானையில் முடிந்திருந்தாள். எண்ணெய் ஊறித் தெரிந்தது.

"இருண்ணே, கடலுக்குப் போய் உனக்கு வாங்கிட்டு வந்துடறேன்."