வாராவாரம் குண்டாகும் பெண்

"ஏனுங்க அம்மிணி, போன வாரம் நல்லாத்தானே இருந்தா இந்தப் புள்ள? இந்த வாரம் ஏன் இப்படிக் குண்டாயிட்டா?"

ஓவிய ஆசிரியர் அருள்குமார் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். எதிரே ஈரம் காயாத ஆயில் பெயின்டிங்கோடு நின்றாள் நதியா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஊசிமுனை ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, ஒரு பெண்ணின் கன்னம் உப்பியது தெரியவில்லையாம்!

"பாத்தது பாத்தபடிதான் சார் வரைஞ்சேன்."

"அப்பறம் தாடையில இந்தக் குழி எங்கிருந்துங்க வந்துச்சு? ஒரிஜினல்ல குழியே இல்லீங்களே!"

"இருக்கு சார். நல்லா ஆழமாவே இருக்கு."

அருள்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயில் பெயின்டிங் கற்க வருகிறவர்கள் முதலில் ஒரு பெரிய ஓவியரின் படத்தைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். அதுதான் அவர் வகுப்பின் சட்டம். அந்தக் காலத்து வெள்ளைக்கார ஓவியர் ஒருவர் வரைந்த இளம்பெண்ணின் முகத்தை எல்லோருக்கும் கொடுத்திருந்தார். மற்றவர்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். நதியா மட்டும் ஒரு வாரம் மூக்கை இழுப்பாள், மறு வாரம் நெற்றியை அகலமாக்குவாள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வேறு!

"நான் குடுத்த தாளைப் பாத்துத்தானே வரையறீங்க?"

"அதுல என் மகன் டீயக் கொட்டிட்டான் சார். அதே படம் எங்க கம்பெனியில கெடச்சுச்சு. நீங்க குடுத்ததவிடப் பெருசு. கலரும் அம்புட்டு சுத்தம்."

"அத்தனையும் இருந்துமா இந்தக் கோலம்? வேண்டாமுங்க, இதைக் கண்காட்சியில வெச்சா என் மானம் போயிரும்."

நதியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், எங்க கம்பெனியில அத்தன பேரையும் வரச் சொல்லிட்டேன். ஆண்டிபட்டியிலருந்து எங்கம்மா பஸ் ஏறி வருது. நீங்களே வீட்டுக்கு வந்து ஒரிஜினலப் பாருங்க. ஒரு மயிரிழ தப்பிருந்தாலும் நானே கிழிச்சுப் போட்டுர்றேன்."

'அதையும் பார்த்துவிடலாம்' என்று அருள்குமார் வண்டியை எடுத்தார். வழி நெடுக முணுமுணுப்புதான். வேலம்பாளையத்தில் ஒரு வரிசை வீட்டின் முன் நதியா நிறுத்தச் சொன்னாள். கையில் படத்தோடு இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, சார் வந்திருக்காரு. சீக்கிரம் வாங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் சோணைமுத்து, கையைக் கழுவிவிட்டுப் பெரிதாய் ஓர் ஏப்பத்தோடு வெளியே வந்தான். அவன் தொப்பைமேல் இறுகிக் கிடந்த டி-ஷர்ட்டில், கன்னம் உப்ப, தாடையில் அவன் தொப்புள் குழி விழச் சிரித்தாள் அந்த வெள்ளைக்காரி.

"வெளிநாட்டு ஆர்டர்ல மீந்த பீஸு சார். சுவத்துல மாட்டுனா துணி சுருங்கிக்கிருது. இவரு போட்டு நின்னாத்தான் விறைப்பா இருக்கு."

அருள்குமார் படத்தைப் பார்த்தார், தொப்பையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"உங்க மேல தப்பே இல்லீங்க அம்மிணி. ஞாயித்துக்கெழம படத்தோட இவரையும் கூட்டிட்டு வந்துருங்க, பக்கத்துலயே நிக்க வெச்சரலாம்."